காசா எல்லையின் கெரெம் ஷாலோம் வாசலில் கையெழுத்திடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காசாவுக்கும் மேற்குக் கரைக்கும் போகும் சரக்கையும் ஆட்களையும் அனுமதிக்கும் பொறுப்பில், இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் கோகாட் பிரிவின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் தூத்துக்குடியில் இருபத்திரண்டு வருடமாகச் சரக்குத் தாள்களோடு வேலை பார்க்கிறவன். எந்தக் கன்டெய்னரில் என்ன இருக்கிறது, எதில் ஒரு தாள் குறைகிறது, எதை ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறார்கள், எது கேட் பாஸ் கிடைக்காமல் யார்டில் கிடக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. நான் அரசியல்வாதி இல்லை. உங்கள் நாட்டுக்கு வந்ததில்லை, காசாவைப் பார்த்ததுமில்லை. ஆனால் ஒரு வாசலில் சரக்கு எப்படி நிற்கும், எப்படி நகரும், யார் கை அசைந்தால் நகரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெரிவோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் பிரதமருக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் என்றால், போரை அறிவிப்பவர்கள் எங்கோ மேலே இருக்கிறார்கள். ஆனால் ஒரு மூட்டை மாவு காசாவுக்குள் போவதா வேண்டாமா என்ற கேள்வி கடைசியில் ஒரு மேசைக்கு வந்து நிற்கிறது. அந்த மேசை உங்களுடையது. பஞ்சம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு மழை பொய்த்த வருடம்தான் நினைவுக்கு வரும். காசாவில் மழை பொய்க்கவில்லை. மாவு எல்லைக்கு அந்தப் பக்கம், லாரியில் கட்டிய கயிறு அவிழ்க்கப்படாமல் நின்றுகொண்டிருந்தது. அது எத்தனை லாரி, எத்தனை டன், எத்தனை நாளாக நிற்கிறது என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். என் தொழிலில் எழுதாமல் எதுவும் நிற்பதில்லை.

முதலில் ஒரு பழைய தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2008-இல் உங்கள் பிரிவு காசா மக்களின் உணவு நுகர்வு பற்றி ஓர் ஆவணம் தயாரித்தது. 'சிவப்புக் கோடுகள்' என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,279 கலோரி என்று கணக்குப் போட்டு, அதற்கு எத்தனை லாரி வேண்டும் என்று வகுத்து, உள்ளூரில் விளைவதைக் கழித்து, கடைசியில் வாரத்துக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு 106 லாரி என்று வந்து நின்றது. உங்கள் நாட்டைச் சேர்ந்த கிஷா என்ற மனித உரிமை அமைப்பு மூன்றரை வருடம் நீதிமன்றத்தில் போராடி 2012-இல் அதை வெளியே கொண்டுவந்தது. அது வெறும் வரைவு, அதன்படி நடக்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு ஊரே எவ்வளவு சாப்பிட்டால் உயிரோடிருக்கும் என்று இன்னொரு ஊரில் உட்கார்ந்து ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கைப் போடும் இடத்தில் அவர் இருந்தார் என்பதே முற்றுகையின் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. 2024-இன் தொடக்கத்தில் வட காசாவில் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 245 கலோரியில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததாக ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் கணக்கிட்டது. அதே 2,279 பக்கத்தில் இதை எழுதிப் பாருங்கள்.

2007 ஜூனில் ஹமாஸ் காசாவைக் கையில் எடுத்ததிலிருந்து 2010 ஜூன் வரைக்கும் எது உள்ளே போகலாம், எது போகக் கூடாது என்ற பட்டியல் வெளியே யாருக்கும் தெரியாது. கொத்தமல்லி போகக் கூடாது. சாக்லேட், ஜாம் போகக் கூடாது. 2009 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜான் கெர்ரி காசாவுக்குப் போனபோது பாஸ்தா வாசலில் நிற்பது தெரியவந்தது. அவர் கேட்ட பிறகு பாஸ்தா உள்ளே போனது. கொத்தமல்லியை நிறுத்த ஒரு தாளில் யாரோ கையெழுத்துப் போட்டார்கள் என்பதை நான் பல முறை யோசித்திருக்கிறேன். வெடிமருந்து அடங்கிய சரக்கை நிறுத்துகிறவன் தூக்கத்தில் கூட உறுதியாக இருப்பான். கொத்தமல்லிக் கட்டை நிறுத்தியவர் அன்று வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார்?

எங்கள் துறைமுகத்திலும் சோதனை உண்டு. சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறப்பார்கள், ஸ்கேனரில் விடுவார்கள், மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். யாரும் கோபப்படுவதில்லை, ஏனென்றால் சோதனை முடிந்ததும் சரக்கு நகரும். உங்கள் வாசலில் அதைவிடக் கடுமையான முறை இருக்கிறது. கெரெம் ஷாலோமில், பாலஸ்தீனர்கள் கரம் அபூ சாலிம் என்று சொல்லும் அந்த இடத்தில், ஒரு லாரியிலிருந்து பேலட்டுகளை, அதாவது சரக்கு அடுக்கிய பலகைகளை, இறக்கி வைத்து, சோதித்து, பிறகு அந்தப் பக்கத்து லாரியில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு பேலட்டும் கண்ணுக்கும் கருவிக்கும் முன்னால் தனித்தனியாக நிற்கிறது. இவ்வளவு சோதித்த பிறகும் சரக்கு நிற்கிறது என்றால், அதைப் பாதுகாப்புச் சோதனை என்று என் தொழிலில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

2024 ஜனவரியில் அமெரிக்க செனட்டர்கள் இருவர் காசாவுக்கும் எகிப்துக்கும் இடையிலான ரஃபா எல்லைக்குப் போய், திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு அடுக்கிக் கிடந்த கிடங்கைப் பார்த்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர், ஜெனரேட்டர், தண்ணீரைப் பரிசோதிக்கும் கருவி, பிரசவம் பார்க்கும் பெட்டி. ஒரு லாரியில் ஒரே ஒரு பொருள் மறுக்கப்பட்டால் மொத்த லாரியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் முகமையின் தலைவர் பிலிப் லஸ்ஸரினி, குழந்தைகளுக்கான மருத்துவப் பெட்டியில் கத்தரிக்கோல் இருந்ததால் ஒரு லாரியே திரும்பி வந்தது என்று சொன்னார். மருத்துவப் பெட்டியில் கத்தரிக்கோல் எதற்கு என்று உங்கள் ஊர் மருத்துவர் ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும். காயத்துக்குக் கட்டும் துணியை வேறு எதைக்கொண்டு வெட்டுவது?

'இரட்டைப் பயன்பாடு' என்ற சொல் எனக்கும் பழக்கம்தான். ஏற்றுமதித் தாள்களில் அடிக்கடி வரும். எதிரிக்கு ஆயுதமாக மாறக் கூடிய பொருளைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக வந்த சொல் அது. உங்கள் கையில் அது தண்ணீர்க் குழாய்க்கும், பம்பின் உதிரிபாகத்துக்கும், கூடாரத்தின் கம்பிக்கும் போய் ஒட்டிக்கொண்டது. இரும்பு எதற்கும் பயன்படும். மரமும் அப்படித்தான். அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் ஒரு வீட்டில் கட்டில் கூட மிஞ்சாது.

அக்டோபர் 7-ஐப் பற்றிப் பேசாமல் நான் இதை எழுதினால் நீங்கள் அடுத்த வரியைப் படிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். படிப்பதற்காகச் சொல்லவில்லை, மனதிலிருந்தே சொல்கிறேன். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் மற்ற ஆயுதக் குழுக்களும் உள்ளே புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றதும், 251 பேரைப் பிடித்துக்கொண்டு போனதும் பெரும் கொடுமை. காசா எல்லையை ஒட்டிய உங்கள் பேரி, நீர் ஓஸ் ஊர்களில் வீட்டுக்குள்ளேயே செத்தவர்களுக்காக நான் வருத்தப்படுகிறேன். அதை எந்த நியாயமும் கழுவாது. அப்புறம் 2025 ஆகஸ்டில் ஒரு காணொளி வந்ததே, சுரங்கத்துக்குள் எலும்பும் தோலுமாக ஒரு பிணைக்கைதி. உங்கள் நாடே அதைப் பார்த்து அழுதது. நானும் முழுதாகப் பார்க்க முடியாமல் அணைத்துவிட்டேன். அந்தத் தோள்பட்டை எலும்பை அன்று பார்த்த உங்கள் கண்களுக்கு, அதே வாரம் காசா நகர மருத்துவமனைகளில் கிடந்த குழந்தைகளின் தோள்பட்டை எலும்பை அடையாளம் தெரியாமல் இருந்திருக்காது. பசி ஒரே மாதிரிதான் உடம்பைத் தின்கிறது.

2023 அக்டோபர் 9 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் யோவ் கலான்ட் முழு முற்றுகைக்கு உத்தரவிட்டதாக அறிவித்தார். மின்சாரம் கிடையாது, உணவு கிடையாது, எரிபொருள் கிடையாது, எல்லாம் மூடப்படும் என்றார். கேமரா முன்னால் சொன்னது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள், அதில் ஏறத்தாழ பாதிப் பேர் குழந்தைகள். முதல் 20 லாரி உள்ளே போனது அக்டோபர் 21-இல், அதுவும் எகிப்து வழியாக. போருக்கு முன் நாளொன்றுக்குச் சுமார் 500 லாரி போய்க்கொண்டிருந்த ஊர் அது. கெரெம் ஷாலோம் உதவிப் பொருளுக்குத் திறந்தது டிசம்பர் 17-இல்தான். இந்த உத்தரவு அமைச்சருடையது. அதைப் பட்டியலாக, லாரி எண்ணாக, மணி நேரமாக மாற்றியது அலுவலகம். பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்தியதான குற்றச்சாட்டில் கலான்ட் மீதும் உங்கள் பிரதமர் மீதும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பர் 21 அன்று கைது வாரண்டு பிறப்பித்தது உங்களுக்குத் தெரியும்.

பொருளை உள்ளே விட்டால் ஹமாஸ் திருடிவிடுகிறது என்பது அடிக்கடி கேட்கும் பதில். வழியில் சரக்கு கொள்ளை போகவில்லை என்று நான் சொல்லவில்லை. பசித்த ஊரில் லாரியை மறித்து மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஆயுதம் வைத்திருக்கும் கும்பல்களும் தூக்குகின்றன. ஆனால் உங்கள் நட்பு நாடான அமெரிக்காவின் உதவி முகமை தன் பணத்தில் போன பொருள் திருட்டுப் போன 156 சம்பவங்களை உட்கார்ந்து ஆராய்ந்தது. ஹமாஸ் திட்டமிட்டுத் திருடியதற்கான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை என்ற செய்தி 2025 ஜூலையில் வெளியானது. இன்னொன்று, சரக்கு ஏராளமாக இருக்கும் சந்தையில் மாவுக்குக் காவல் தேவைப்படாது. நாளுக்கு 500 லாரி போனால் ஒரு மூட்டையைத் திருடி யாரும் பணக்காரன் ஆக முடியாது. பற்றாக்குறையைப் பார்த்துத்தான் கொள்ளைக்காரன் வருகிறான்.

இனி 2025 மார்ச் 2. அந்தத் தேதியில் வாசல் முழுவதுமாக மூடப்பட்டது. மே 19 வரை 78 நாள், உணவு இல்லை, மருந்து இல்லை, எரிபொருள் இல்லை. ஏப்ரல் பிறந்தபோது உலக உணவுத் திட்டத்தின் ஆதரவில் இயங்கிய 25 ரொட்டி அடுப்புகளும் அணைந்துவிட்டன. மாவும் இல்லை, அடுப்பெரிக்க எரிபொருளும் இல்லை. ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் முகமை மட்டுமே 6,000 லாரி அளவுச் சரக்கை எகிப்திலும் ஜோர்டானிலும் ஏற்றத் தயாராக வைத்திருப்பதாக ஜூலையில் சொன்னது. நான் இந்த எண்ணை என் பாஷையில் யோசித்துப் பார்த்தேன். 6,000 லாரியை ஒன்றன் பின் ஒன்றாக இடைவெளியில்லாமல் நிறுத்தினாலே காசாவின் முழு நீளமான 41 கிலோமீட்டரையும் தாண்டிப் போகும். அவ்வளவு உணவும் மருந்தும் ஒரு கையெழுத்துக்காக வெயிலில் காத்துக்கிடந்தது.

பிறகு வாசலைக் கொஞ்சம் திறந்தபோது, ஐ.நா. நடத்தி வந்த 400 விநியோக இடங்களுக்குப் பதிலாக நான்கு இடங்கள் வந்தன. தெற்கிலும் நடுவிலும், கம்பி வேலிக்குள், துப்பாக்கிகளுக்கு நடுவில். நான்கு கவுண்டரை வைத்து 20 லட்சம் பேருக்குச் சோறு போட முடியாது என்பது ரேஷன் கடையில் ஒரு நாள் நின்றவருக்குக் கூடத் தெரியும். மே 27-இலிருந்து ஜூலை முடிவதற்குள், உணவு தேடிப் போனபோது கொல்லப்பட்டவர்கள் 1,373 பேர் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணக்கிட்டது. அந்த விநியோக மையங்களைச் சுற்றி 859 பேர், உதவி லாரிகள் வரும் வழிகளில் 514 பேர். ஒரு பை மாவுக்காகப் பதினைந்து கிலோமீட்டர் நடந்து போன பையனைத் தேடி அவன் அம்மா மருத்துவமனைத் தரையில் துணி விலக்கிப் பார்க்கும் நிலைமை எப்படிப்பட்டது என்பதை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை.

ஆகஸ்ட் 22 அன்று உணவுப் பாதுகாப்பை அளக்கும் ஐபிசி அமைப்பு, காசா நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் பஞ்சம் பிடித்துவிட்டதாக உறுதி செய்தது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பேர் அதில் மிக மோசமான கட்டத்தில் இருந்தார்கள். நீங்கள் அந்த அறிக்கையை மறுத்தீர்கள், அளவுகோலைத் தளர்த்திவிட்டார்கள் என்றீர்கள். அந்த அளவுகோலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். என் அக்கா அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளக்கும் ஒரு சின்னக் காகித நாடா அவர் கைப்பையில் எப்போதும் இருக்கும். பச்சையில் நின்றால் அக்கா சிரிப்பார். மஞ்சளில் நின்றால் தாயை உட்கார வைத்துப் பேசுவார். 115 மில்லிமீட்டருக்குக் கீழே, சிவப்பில் வந்து நின்றால், அன்று மாலை வீட்டில் அக்கா யாருடனும் பேச மாட்டார். அந்த நாடாதான் காசாவிலும் சுற்றப்பட்டது. அப்படி அளந்த அளவு சூடானில் பஞ்சம் வந்தபோதும் ஏற்கப்பட்டது. நாடாவுக்கு அரசியல் தெரியாது. அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டினியாலும் சத்துக்குறைவாலும் இறந்தவர்கள் 400-ஐத் தாண்டிவிட்டார்கள் என்று காசா சுகாதார அமைச்சகம் பதிவு செய்தது. வெடிகுண்டிலும் துப்பாக்கியிலும் செத்தவர்களின் கணக்கு வேறு. அது 2025 நவம்பர் கடைசியில் 70,000-ஐத் தாண்டியது.

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. 2024 ஜூலையில் காசாவின் சாக்கடை நீரில் போலியோ கிருமி தென்பட்டது. ஆகஸ்டில் தேர் அல் பலாவில் பத்து மாதக் குழந்தை ஒன்று கால் செயலிழந்துபோனது. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அங்கே முதல் போலியோ. செப்டம்பரில் நேரம் குறித்துச் சண்டையை நிறுத்தினீர்கள். குளிர்பெட்டியில் வைத்த தடுப்பு மருந்து உள்ளே போனது. இரண்டே வாரத்துக்குள் 5,50,000-க்கும் அதிகமான குழந்தைகள் சொட்டு மருந்து குடித்தார்கள். பாதை, நேரம், எந்தத் தெரு எப்போது என்பதெல்லாம் உங்கள் மேசையில் தீர்மானமானதுதான். 2025 ஜனவரி 19-இல் வந்த சண்டை நிறுத்தத்திலும் அப்படித்தான். நாளொன்றுக்கு 600 லாரி என்று ஒப்பந்தம், வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் போயின. சந்தையில் தக்காளி விலை இறங்கியது. மார்ச் 2 வரைதான்.

சரக்கைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆட்களும் உங்கள் வாசலில்தான் நிற்கிறார்கள்.

காசாவில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கிடையாது. பாலஸ்தீனர்களுக்கு நீண்ட காலமாக அது இருந்த இடம் கிழக்கு ஜெருசலேமின் அகஸ்டா விக்டோரியா மருத்துவமனை. காசாவிலிருந்து அங்கே போக உங்கள் அனுமதிச் சீட்டு வேண்டும். தஸ்ரீஹ் என்கிறார்கள் அதை. பாலஸ்தீனத்தில் ஒரு குழந்தை அம்மா, அப்பா, தஸ்ரீஹ் என்ற வரிசையில்தான் சொல் கற்கும் போலிருக்கிறது. 2017-இல் மருத்துவத்துக்காகக் கேட்டவர்களில் 54 சதவீதம் பேருக்குத்தான் அது நேரத்துக்குக் கிடைத்தது. அந்த ஒரு வருடத்தில், மறுக்கப்பட்டோ தாமதமாகியோ அனுமதி கிடைக்காமல் 54 பேர் இறந்தார்கள், அவர்களில் 46 பேர் புற்றுநோயாளிகள் என்று உங்கள் நாட்டு மருத்துவர்களின் மனித உரிமை அமைப்பும் சேர்ந்துதான் அறிக்கை விட்டது. அப்போது போர் நடக்கவில்லை. அக்டோபர் 7-க்கு ஆறு வருடம் இருந்தது.

காசாவில் புற்றுநோய்க்கென்றே இருந்த ஒரே மருத்துவமனை, துருக்கி கட்டிக்கொடுத்தது, 2023 நவம்பர் 1 அன்று எரிபொருள் இல்லாமல் மூடியது. 2025 மார்ச்சில் உங்கள் ராணுவம் அதைத் தகர்த்தது. வெளியே கொண்டுபோகச் சொல்லிப் பெயர் கொடுத்துக் காத்திருந்த நோயாளிகளில் 2024 ஜூலைக்கும் 2025 நவம்பருக்கும் இடையில் 1,000-க்கும் மேற்பட்டோர் காத்திருந்தபடியே இறந்துபோனதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் இருக்கும். 'நிலுவை' என்று எழுதியிருக்கும்.

மேற்குக் கரையில் கதை வேறு மாதிரி, வாசல்கள் சின்னவை, எண்ணிக்கை அதிகம். 2025 தொடக்கத்தில் ஐ.நா. எண்ணியபோது சாவடி, இரும்புக் கேட், மண்மேடு எல்லாம் சேர்த்து 849 தடைகள். கலந்தியா சாவடியில் ஒரு ஆம்புலன்ஸிலிருந்து நோயாளியை இறக்கி, நடுச் சாலையில் இன்னொரு ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். மேற்குக் கரை வண்டி ஜெருசலேமுக்குள் போகக் கூடாது என்பதற்காக. இதற்குப் பெயர் 'பேக் டு பேக்'. சரக்கை மாற்றும்போது சொல்கிற அதே சொல். நான் வாழ்நாள் முழுக்கப் பேலட்டுக்குச் சொன்ன சொல்லை மூச்சுத் திணறும் மனிதருக்குச் சொல்கிறார்கள் என்று முதலில் படித்தபோது அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

மேற்குக் கரையில் உங்கள் நாடு கட்டிய தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆலிவ் மரம் மாட்டிக்கொண்ட விவசாயி, தன் தோப்புக்குப் போகத் தஸ்ரீஹ் கேட்கிறார். உங்கள் 'அல் முனாசிக்' செயலியில் விண்ணப்பித்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட் வருடத்தில் சில நாள் திறக்கும். ஆலிவுக்கு உழவு வேண்டும், கவாத்து வேண்டும், களை எடுக்க வேண்டும், அறுவடைக்கு மட்டும் போய் நின்றால் மரம் காய்க்காது. அப்புறம் 2025 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஜெனின், துல்கரம், நூர் ஷம்ஸ் அகதி முகாம்களில் ராணுவம் புகுந்து சுமார் 40,000 பேரை வெளியேற்றியது. 1948-இல் வீட்டை விட்டு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். தாத்தாவின் சாவியை வைத்திருந்தவர்களிடம் இப்போது இரண்டு சாவி இருக்கிறது.

2005-இல் காசாவை விட்டுப் போய்விட்டோம், அது எங்கள் ஆக்கிரமிப்பில் இல்லை என்பது உங்கள் அரசின் வாதம். குடியேறிகளையும் படையையும் எடுத்தது உண்மை. வான்வெளியை, கடலை, வாசல்களை, குழந்தை பிறந்தால் எண் கொடுக்கும் மக்கள்தொகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டதும் உண்மை. அதே 2005-இல் ஓர் ஒப்பந்தம் போட்டீர்கள், 2006 கடைசிக்குள் காசாவிலிருந்து நாளுக்கு 400 ஏற்றுமதி லாரி வெளியே போகும் என்று. பெய்த் லாஹியாவின் ஸ்ட்ராபெரியும் கார்னேஷன் பூவும் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2007-க்குப் பிறகு ஏற்றுமதி ஏறத்தாழ நின்றே போனது. உங்கள் நாடும் பாலஸ்தீனத் தலைவர்களும் 1990-களில் செய்த ஆஸ்லோ உடன்படிக்கையில் 20 கடல் மைல் என்றிருந்த மீன்பிடி எல்லை 12 ஆகி, 6 ஆகி, 3 ஆனது. நான் துறைமுக ஊர்க்காரன். மூன்று மைலுக்குள் எத்தனை மீன் இருக்கும் என்று எந்த மீனவரிடமும் கேட்டுப் பாருங்கள். நிலத்தடி நீரில் 95 சதவீதத்துக்கு மேல் குடிக்க லாயக்கில்லை. அதை மாற்ற வேண்டிய குடிநீராக்கும் நிலையத்துக்கு மின்சாரம் வேண்டும், பம்பு வேண்டும், குளோரின் வேண்டும். மூன்றும் உங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். எகிப்தும் ரஃபாவைப் பல காலம் மூடியே வைத்திருந்தது, அந்தப் பழியிலிருந்து அவர்களும் தப்ப முடியாது. ஆனால் ரஃபாவின் பாலஸ்தீனப் பக்கமும் 2024 மே 7-இலிருந்து உங்கள் படையின் கையில் வந்துவிட்டது.

எவ்வளவு கட்டுப்பாடோ அவ்வளவு பொறுப்பு என்றுதான் சர்வதேச நீதிமன்றமும் 2024 ஜூலை 19 அன்று சொன்னது. உங்கள் நாடு 1951-இலேயே ஏற்ற நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, ஆக்கிரமித்த நாடு மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும் என்கிறது. போதவில்லை என்றால் பிறர் அனுப்புவதை ஏற்க வேண்டும் என்கிறது. ஒருவர் செய்த குற்றத்துக்கு ஊரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2025 அக்டோபர் 22 அன்று அதே நீதிமன்றம், ஐ.நா. முகமைகள் கொண்டுவரும் உதவியை உள்ளே விடுவது உங்கள் கடமை என்று திரும்பவும் சொன்னது.

அக்டோபர் 10-இல் சண்டை நிறுத்தம் வந்தது. பிணைக்கைதிகளில் உயிரோடிருந்தவர்கள் வீடு திரும்பினார்கள், சுரங்கத்திலிருந்த அந்த இளைஞரும் திரும்பினார். அவருடைய அம்மாவை நினைத்து நான் மகிழ்ந்தேன். ஆனால் டிசம்பரில் மழை கொட்டியபோது கான் யூனிஸில் கூடாரங்கள் மிதந்தன. கைக்குழந்தைகள் குளிரில் இறந்தார்கள். கூடாரத்தை நிமிர்த்தி நிறுத்தும் கம்பி வாசலில் நின்ற சரக்கில் ஒன்று.

நான் கேட்பது இவ்வளவுதான். கெரெம் ஷாலோம், ஸிகிம், ஏரெஸ், கிசூஃபிம், ரஃபா என எல்லா வாசலையும் எல்லா நாளும் திறந்து வையுங்கள். சோதியுங்கள், எத்தனை கடுமையாக வேண்டுமானாலும் சோதியுங்கள். சோதித்து முடித்த சரக்கை அன்றே விடுங்கள். ஒரு பொருளை மறுத்தால் அந்தப் பொருளை மட்டும் இறக்கி வைத்துவிட்டு லாரியை அனுப்புங்கள். மறுத்ததற்குக் காரணத்தை எழுதி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டு, அனுப்பியவர் கையில் கொடுங்கள். எங்கள் துறைமுகத்தில் ஒரு பெட்டி பொம்மையை நிறுத்தினால் கூட அந்தத் தாளைக் கேட்டு வாங்கலாம். இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலிலிருந்து கம்பி, குழாய், பம்பு, தண்ணீர் வடிகட்டி, மருத்துவமனைக் கருவி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நோயாளியின் விண்ணப்பத்துக்கு நாள் கெடு வையுங்கள். கெடு தாண்டினால் அதுவே அனுமதி என்று வையுங்கள். மீனவர்களைக் கடலுக்குள் விடுங்கள்.

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன், எனக்கு மனம் திறந்து எழுதத் தெரிந்தது இதில்தான். உங்களிடம் மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்கள். படித்து முடித்ததும் இன்றைய மேனிஃபெஸ்ட்டை, அதாவது சரக்குப் பட்டியலை எடுத்து, நிறுத்தி வைத்த சரக்கின் பக்கத்தைத் திருப்புங்கள். முதல் வரியில் இருக்கும் லாரி எத்தனை நாளாக நிற்கிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
சரக்குத் தாள் எழுத்தர் ஒருவர்,
தூத்துக்குடி.